உள்ளாட்சி ஊழியரின் பழைய வழக்கு: ஆறு மாதக் கெடுவைக் காக்குமா அரசுகள்?

புது தில்லி: மேற்கு வங்கத்தில் 1985-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கண் மருத்துவ உதவியாளராக அரசுப் பணியில் சேர்ந்த ஒருவரைப் பற்றிய காவல்துறையின் சரிபார்ப்பு அறிக்கை, அவரது துறைக்குப் போய்ச் சேர்ந்தது 2010-ஆம் ஆண்டு ஜூலையில். இடையில் 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த அந்த ஊழியர் அரசுப் பணிக்குத் தகுதியற்றவர் என்றது அறிக்கை. அதன் அடிப்படையில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த அவரது குடியுரிமையே கேள்விக்குள்ளாக்கப்பட்டது.

இந்த வழக்கில் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.கே. மகேஸ்வரி, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு, பணிநீக்கத்தை ரத்து செய்ததோடு நின்றுவிடவில்லை. அரசுப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் நன்னடத்தை, முன்வரலாறு, குடியுரிமை, அவர்கள் அளித்த ஆவணங்களின் உண்மைத்தன்மை ஆகியவற்றை, சட்டமோ அரசாணையோ வகுத்துள்ள காலத்துக்குள், எப்படியாயினும் பணி நியமன நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் சரிபார்த்து முடிக்க வேண்டும் என எல்லா மாநிலக் காவல்துறையினருக்கும் உத்தரவிட்டது. சரிபார்ப்பு முடிந்த பின்னரே நியமனத்தை முறைப்படுத்த வேண்டும் என்றும் கூறியது.

தீர்ப்பு பிறந்தது சுகாதாரத் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில். ஆயினும் அதன் தாக்கத்தை அதிகம் உணரப்போவது உள்ளாட்சி அலுவலகங்களே. பிறப்புப் பதிவு முதல் இறப்புப் பதிவு வரை, வீட்டு வரி முதல் முதியோர் ஓய்வூதியம் வரை குடிமக்கள் அரசை முதன்முதலாகச் சந்திக்கும் இடம் ஊராட்சி அலுவலகம். அங்கு அமரும் எழுத்தர் யார், அவரது பின்னணி என்ன என்பது அந்த ஊரின் ஒவ்வொரு வீட்டையும் தொடும் கேள்வி. அந்த ஊர் இரு மாநிலங்களின் எல்லையில் இருந்தால் கேள்வி மேலும் சிக்கலாகிவிடுகிறது.

எல்லையில் ஓர் ஊராட்சி

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள சக்குபள்ளம் அத்தகைய ஓர் ஊராட்சி. குமுளி, கம்பம்மெட்டு ஆகிய எல்லைப் பாதைகள் இந்தப் பகுதியைத் தமிழகத்தின் தேனி மாவட்டத்தோடு இணைக்கின்றன. ஏலமலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து அங்கேயே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஒருபுறம். கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் வேலைக்கு வந்து திரும்பும் தொழிலாளர்கள் மறுபுறம் என, எல்லைக்கோட்டின் இரு பக்கமும் காலூன்றிய வாழ்க்கை இங்குள்ள தமிழர்களுடையது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு பகுதிகள் கேரளத்துடன் இணைந்தன. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகங்களுடன் கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்தது. இதன் தொடர்ச்சியாக, தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்ற தனிப் பிரிவில் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுத்துவருகிறது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகள் அரசு அலுவலக நாற்காலியில் அமர்வதற்கு உள்ள முக்கியமான வாயில்களில் இது ஒன்று.

அந்த வாயிலைத் தாண்டிய பிறகு வரும் கடைசிக் கதவுதான் காவல்துறைச் சரிபார்ப்பு. கேரளத்தில் படித்து, தேனி மாவட்டத்தில் சில ஆண்டுகள் தங்கி வேலை பார்த்த ஓர் இளைஞருக்கு, இரு மாநிலக் காவல் நிலையங்களிலிருந்தும் தகவல் பெற வேண்டும். ஒரு கடிதம் ஒரு மாநிலத்தின் மாவட்டத் தலைமையகத்திலிருந்து மறு மாநிலத்தின் தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்து காவல் நிலையத்துக்கு இறங்கி, அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஆறு மாதக் கெடு உண்மையில் சோதிக்கப்படுவது இங்குதான்.

கேரளத்தின் விதிகள்

கேரளத்தில் இந்தச் சரிபார்ப்பு புதிதன்று. 1958-ஆம் ஆண்டின் கேரள மாநில மற்றும் சார்நிலைப் பணிகள் விதிகளின் 10-ஆவது விதியே, நேரடி நியமனம் பெறுபவரின் நன்னடத்தையும் முன்வரலாறும் அப்பணிக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என வலியுறுத்துகிறது. 2021-ஆம் ஆண்டில் மாநில அமைச்சரவை இதை விரிவுபடுத்தியது. பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், கூட்டுறவு அமைப்புகள், தேவஸ்வம் வாரியங்கள், அரசு உதவி பெறும் பள்ளிகள் ஆகியவற்றிலும் காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம் என்றும், பணியில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அதை முடிக்க வேண்டும் என்றும் முடிவெடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் விதித்த ஆறு மாதத்தைக் காட்டிலும் இது கடுமையான கெடு.

இத்தகைய கெடுபிடிக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டில் வயநாடு மாவட்டத்தில், தேர்வாணையத்தின் பெயரால் போலியாகத் தயாரிக்கப்பட்ட பரிந்துரைக் கடிதங்களைக் காட்டிச் சிலர் வருவாய்த் துறையில் எழுத்தர்களாகச் சேர்ந்திருந்தது அம்பலமானது. தேர்வே எழுதித் தேறாதவர்கள் மாதக்கணக்கில் சம்பளம் வாங்கியிருந்தார்கள். தேர்வு எழுதியவரும் பணியில் அமர்ந்திருப்பவரும் ஒருவரேதானா எனத் தேர்வாணையம் நடத்தும் பணிச் சரிபார்ப்பின் அவசியத்தை அந்த மோசடி உணர்த்தியது.

2019-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட சம்பவம் மற்றோர் எடுத்துக்காட்டு. அந்த வழக்கில் சிக்கிய இந்திய மாணவர் சங்கத்தின் கல்லூரிக் கிளை நிர்வாகிகள், சில நாள்களுக்கு முன் வெளியான காவலர் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்திலும் 28-ஆம் இடத்திலும் இருந்தனர். விசாரணையில் தேர்வு மோசடி வெளிப்பட்டு, மூவரின் பெயர்களைத் தேர்வாணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. கத்திக்குத்து நடந்திராவிட்டால் அவர்கள் சீருடை அணிந்திருப்பார்கள் என்ற எண்ணம் கேரளத்தை உலுக்கியது. மதிப்பெண் மட்டும் போதாது, பின்னணியும் பார்க்கப்பட வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

மறைப்பதும் சொல்வதும்

சரிபார்ப்பு தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழக்கு ஒருவரின் வேலையைப் பறிக்கலாம் என்பதில்தான் சிக்கல்.

மத்திய அரசின் சான்றுறுதிப் படிவம் கேட்கும் கேள்விகள் விரிவானவை. கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா, தற்போது வழக்கு நிலுவையில் உள்ளதா எனத் தனித்தனியே கேட்கிறது. "வழக்குதான் முடிந்துவிட்டதே, எழுதுவானேன்" என நினைத்து "இல்லை" என்று எழுதியவர்கள் நாடெங்கும் வேலையிழந்து நீதிமன்றப் படிகளில் ஏறியிருக்கிறார்கள்.

இதில் உச்ச நீதிமன்றமே நீண்ட காலம் இரு வேறு குரல்களில் பேசியது. 1996-இல் தில்லி காவலர் நியமன வழக்கொன்றில், விடுதலை பெற்றவராயினும் முன்வரலாற்றைக் கணக்கில் கொண்டு நியமனத்தை மறுக்கலாம் என்றது. 2011-இல் அதே தில்லி காவல்துறை சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு, இளமையில் செய்யும் தவறுகளை மன்னிக்கும் மனம் வேண்டும் என்றது. ரொட்டி திருடியதற்காக வாழ்நாள் முழுதும் திருடன் என முத்திரை குத்தப்பட்ட விக்டர் ஹியூகோவின் கதாநாயகனையும் நினைவூட்டியது.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க அமைந்த மூவர் அமர்வுதான் 2016-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் தேதி அவதார் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், அருண் மிஸ்ரா, பிரபுல்ல சி. பந்த் அடங்கிய அந்த அமர்வு வகுத்த நெறிகளே இன்றும் அடிப்படை. விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது என்பது முதல் நெறி. அதே சமயம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை மறைத்திருந்தால், பணி வழங்கும் அதிகாரி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். அற்பமான வழக்கு நிலுவையில் இருப்பதை ஒருவர் உண்மையாகச் சொல்லியிருந்தால், வழக்கின் முடிவுக்கு உட்பட்டு அவரை நியமிக்கலாம். பல வழக்குகளை வேண்டுமென்றே மறைத்தால் அதுவே தகுதியின்மைக்குக் காரணமாகலாம். பணி உறுதி செய்யப்பட்டவரை நீக்குவதற்கு முன் துறை விசாரணை அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, படிவத்தின் கேள்விகள் தெளிவாக இருக்க வேண்டும். தெளிவில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாததை மறைத்ததாகக் கொள்ள முடியாது.

எனினும் உண்மையைச் சொன்னவருக்கு வேலை உறுதி என்று தீர்ப்பு சொல்லவில்லை. முடிந்துபோன வழக்கை நேர்மையாகக் குறிப்பிட்டவரின் முன்வரலாற்றையும் பரிசீலிக்கும் உரிமை நியமன அதிகாரிக்கு உண்டு என்றே அது கூறுகிறது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உத்தரப் பிரதேசக் காவலர் ஒருவரின் வழக்கில் நீதிபதி கே.வி. விஸ்வநாதன் எழுதிய தீர்ப்பு, எல்லா மறைப்புகளையும் ஒரே தட்டில் வைத்துத் தகுதிநீக்கம் செய்வது அநீதி என மீண்டும் வலியுறுத்தியது.

போராட்ட வழக்குகள்

கோஷம் போட்ட வழக்கு என்ற எடுத்துக்காட்டு இடுக்கி - தேனி எல்லைக்கு மிகவும் பொருந்துவது. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது, குமுளி, கம்பம்மெட்டு எல்லைகள் போர்க்களமாகக் காட்சியளித்தன. கேரளத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி வெளியேறினர். தேனி மாவட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கித் திரண்டனர். 2015-இல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் சாலையில் அமர்ந்து நடத்திய போராட்டத்தை நாடே திரும்பிப் பார்த்தது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எதிரான போராட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன.

இத்தகைய கிளர்ச்சிகளின்போது பெயர் தெரிந்த சிலர் மீதும், "மற்றும் பலர்" என்ற பெயரில் கூட்டத்தின் மீதும் வழக்குப் பதிவு செய்வது எல்லா மாநிலக் காவல்துறைகளின் வழக்கம். சட்டவிரோதமாகக் கூடுதல், வழிமறித்தல் ஆகிய பிரிவுகள் அவற்றில் தவறாமல் இடம்பெறும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி சட்டவிரோதக் கூட்டத்தில் இருந்ததற்கு அதிகபட்ச தண்டனை ஆறு மாதச் சிறை. அபராதத்துடன் முடிந்துபோகும் இத்தகைய வழக்கை, பத்தாண்டு கழித்து ஊராட்சி எழுத்தர் வேலைக்கு வரும்போது பலரும் மறந்தே போயிருப்பார்கள். தம் பெயர் குற்றப்பத்திரிகையில் இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. வழக்கு இருப்பது விண்ணப்பதாரருக்கே தெரியாத நிலையில், குற்றத்தின் தன்மையைப் பார்த்து அதிகாரி முடிவெடுக்க வேண்டும் என அவதார் சிங் தீர்ப்பு சொல்வது இதனால்தான்.

அரசே வழக்கைத் திரும்பப் பெற்றாலும் பிரச்சினை முழுதாகத் தீர்வதில்லை. 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு, நியூட்ரினோ, மீத்தேன், கூடங்குளம், குடியுரிமைத் திருத்தச் சட்டம், வேளாண் சட்டங்கள் உள்ளிட்டவற்றுக்கு எதிராக அறவழியில் போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முடிவு செய்தது. ஆனால் "எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா" என்று படிவம் கேட்கும்போது, திரும்பப் பெறப்பட்ட வழக்குக்கும் "ஆம்" என்பதுதான் உண்மையான பதில். "ஆம், கைதானேன், அரசு இந்த ஆணைப்படி வழக்கைத் திரும்பப் பெற்றது" என எழுதி, ஆணை நகலையும் இணைப்பவருக்குச் சட்டத்தின் துணை உண்டு. "இல்லை" என எழுதுபவர் அந்தத் துணையைத் தாமே இழக்கிறார்.

காவலரும் எழுத்தரும்

எல்லாப் பணிகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதையும் நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. தமிழகக் காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாக விடுவிக்கப்பட்டவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த விதியை உறுதிசெய்தது. சீருடைப் பணிகளில் கூடுதல் கண்டிப்பு காட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றமும் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், மத்திய ஆயுதப் படைக் காவலர்கள் தொடர்ந்த வழக்கில் தெளிவுபடுத்தியது.

துப்பாக்கி ஏந்தும் காவலருக்கான கண்டிப்பை, வரி ரசீது போடும் எழுத்தரிடம் அப்படியே காட்ட வேண்டுமா என்பதே கேள்வி. எழுத்தரிடம் பார்க்க வேண்டியவை வேறு. பணக் கையாடல், போலி ஆவணம், லஞ்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றம் ஆகியவை ஊராட்சிப் பணிக்கு நேரடித் தொடர்பு உள்ளவை. கேரளத்தின் கிராம ஊராட்சிகள் 2025-ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து "கே-ஸ்மார்ட்" கணினிச் சேவைக்கு மாறியுள்ள நிலையில், ஊர் மக்களின் பிறப்பு, திருமணம், சொத்து விவரங்கள் அனைத்தும் ஊழியரின் விரல் நுனிக்கு வந்துவிட்டன. போலி ஆவண வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரை அந்த இடத்தில் அமர்த்துவதில் உள்ள ஆபத்து, சாலை மறியலில் அமர்ந்த ஒருவரை அமர்த்துவதில் இல்லை. காவல் நிலையத்திலிருந்து வரும் அறிக்கையில் இரண்டும் "குற்ற வழக்கு" என்ற ஒரே தலைப்பின் கீழ் வருமானால், முடிவெடுக்கும் அதிகாரி பாதுகாப்பான வழியைத் தேடுவார். அவருக்குப் பாதுகாப்பான வழி, நியமனத்தை மறுப்பது.

சிறார் பருவத்துக் குற்றங்களுக்குச் சட்டம் ஏற்கெனவே திரையிட்டுவிட்டது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சிறார் செய்த குற்றத்தால் பின்னாளில் தகுதியிழப்பு நேரக் கூடாது என்கிறது. கொடுங்குற்றம் புரிந்த 16 வயது கடந்தோருக்கு மட்டும் விதிவிலக்கு. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை நியமன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019-இல் இதே தத்துவத்தை உயர்த்திப் பிடித்தது. ஆனால் 18 வயது கடந்த மறுநாள் செய்த சிறு தவறுக்கு அத்தகைய திரை எதுவும் இல்லை.

உறுப்பினர்களுக்கு என்ன அளவுகோல்?

ஊராட்சி அலுவலகத்தின் ஓர் அறையில் எழுத்தர் அமர்கிறார். அடுத்த அறையில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடுகிறார்கள். 1994-ஆம் ஆண்டின் கேரள ஊராட்சி ராஜ் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் குறைந்தது மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றால்தான் ஒருவர் உறுப்பினராகும் தகுதியை இழப்பார். வழக்கு நிலுவையில் இருப்பது தடையன்று. வேட்புமனுவில் வழக்கு விவரங்களைச் சொன்னால் போதும். 2025-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இடுக்கி மாவட்டத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலும் இந்த விதிகளின் கீழ்தான் நடந்தது.

உறுப்பினர் வழக்கை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்தின் உள்ளாட்சியே இந்தியாவுக்கு வழிகாட்டியது. கோவை மாவட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தலில் வெற்றி பெற்றவர், தம் மீதான பல வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் மறைத்தார் என்ற வழக்கில், 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரது தேர்தல் செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. குற்ற வழக்குகளை மறைப்பது வாக்காளர் மீது செலுத்தும் தகாத செல்வாக்கு என அறிவித்தது. ஆக, மறைத்தால் பதவி போகும் என்பது இருவருக்கும் பொது. உண்மையைச் சொன்ன பின்னர்தான் பாதைகள் பிரிகின்றன. சொன்ன உறுப்பினர் பதவியில் அமர்கிறார். சொன்ன எழுத்தர் அதிகாரியின் முடிவுக்காகக் காத்திருக்கிறார்.

மக்கள் தேர்ந்தெடுப்பதும் அரசு நியமிப்பதும் ஒன்றல்ல என்ற பதில் சட்டப்படி சரியானதே. ஆனால் தில்லியில் இந்த ஒப்பீடு இப்போது அரசியல் விவாதமாகிவிட்டது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் கணக்குப்படி, 2024 மக்களவைத் தேர்தலில் வென்ற 543 பேரில் 251 பேர் தம் மீது குற்ற வழக்குகள் இருப்பதாக அறிவித்தவர்கள். 2009-இல் இந்த எண்ணிக்கை 162 ஆக இருந்தது. கைதாகித் தொடர்ந்து 30 நாள்கள் காவலில் இருக்கும் பிரதமர், முதல்வர், அமைச்சர்களைப் பதவியிலிருந்து அகற்ற வகை செய்யும் 130-ஆவது அரசியல் சாசனத் திருத்த மசோதா 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையில் கொண்டுவரப்பட்டு, கூட்டுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

இரண்டு நாள் கழித்து பிகார் மாநிலம் கயையில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, 50 மணி நேரம் சிறையில் இருந்தால் ஓட்டுநராயினும் எழுத்தராயினும் கடைநிலை ஊழியராயினும் அரசு ஊழியரின் வேலை தானாகவே போய்விடுகிறது, அமைச்சர்களுக்கு மட்டும் விலக்கு ஏன் என்று கேட்டார். விதிகளின்படி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருக்கும் ஊழியர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்படுவார், வேலையையே இழப்பதில்லை. ஆளுநர்களையும் விசாரணை அமைப்புகளையும் கொண்டு எதிர்க்கட்சி ஆட்சிகளைக் கவிழ்க்கவே இந்த மசோதா என எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. அமைச்சருக்காக நடந்த இந்த விவாதத்தில் எழுத்தர் ஓர் உவமையாக மட்டுமே வந்துபோனார். குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்ற கோட்பாட்டை அமைச்சருக்காக வலியுறுத்தியவர்கள், ஊழியருக்காக அதைப் பேசவில்லை.

179 நாள் ஊழியர்கள்

ஆறு மாதக் கெடுவில் மற்றோர் ஓட்டையும் உண்டு. கேரளத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் தற்காலிகமாக நியமிக்கப்படுவோரின் பணிக்காலம் பொதுவாக 179 நாள்கள். ஆறு மாதத்துக்குள் சரிபார்ப்பு என்ற கணக்கில் பார்த்தால், அறிக்கை வரும்போது ஊழியர் பணிக்காலம் முடிந்து போயிருக்கக்கூடும். இன்றைய ஊராட்சிப் பணிகளில் பெரும்பங்கு ஒப்பந்த ஊழியர்களையும் தினக்கூலிகளையும் தன்னார்வக் குழுக்களையும் நம்பியிருக்கிறது. வீடு வீடாகச் சென்று கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் யாரும் வழக்குப் பட்டியல் கேட்டுத் துன்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் பணம் கையாளும், பதிவேடு கையாளும், குழந்தைகளோடு பழகும் தற்காலிகப் பணியிடங்களுக்கு, சேருவதற்கு முன்பே எளிய சரிபார்ப்பு வேண்டும்.

பணியின் தன்மைக்கேற்ற சரிபார்ப்புக்கு வெளிநாட்டு முன்மாதிரிகள் உள்ளன. இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டு முதல் இயங்கும் தனி அமைப்பு, அடிப்படை, நடுத்தரம், விரிவானது எனப் பணிக்கேற்பச் சான்று வழங்குகிறது. குழந்தைகளுடனும் முதியோருடனும் பழகும் பணிகளுக்கே விரிவான சோதனை. அங்கு 1974-இலேயே இயற்றப்பட்ட குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, சிறு குற்றத்துக்கான தண்டனை குறிப்பிட்ட காலத்துக்குப் பின் காலாவதியாகிவிடும். பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டின் சட்டம், மத்திய அரசுப் பணிக்குத் தேர்வாகி, நிபந்தனையுடன் வேலை தர முன்வந்த பின்னரே குற்றப் பின்னணியைக் கேட்க வேண்டும் என்கிறது. வயது வந்தோரின் பழைய சிறு வழக்குகள் காலாவதியாவதற்கு இந்தியாவில் இத்தகைய தனிச் சட்டம் இல்லை.

யார் செய்ய வேண்டும்?

காவல்துறையும் உள்ளாட்சியும் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே ஊராட்சி ஊழியர் நியமனத்துக்கு நாடாளுமன்றம் ஒரே விதி வகுக்க முடியாது. பந்து மாநிலங்களின் களத்தில்தான் இருக்கிறது. மத்திய அரசு தன் பணியாளர்களுக்கு, சரிபார்ப்பு முடியும் வரை காத்திராமல் தற்காலிக நியமன ஆணை வழங்கும் முறையை 2016-இல் கொண்டுவந்தது. 2009-இல் ஒப்புதல் பெற்று நாட்டின் காவல் நிலையங்களைக் கணினியால் இணைத்த குற்றப் பதிவேட்டு வலைப்பின்னல் திட்டமும் கையில் உள்ளது. கம்பம் காவல் நிலையத்தின் பதிவை இடுக்கியில் இருந்தபடியே பார்க்கும் வசதி இருக்கும்போது, கடிதம் மலையேறி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

மாநில அரசுகள் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. படிவத்தின் கேள்விகள் தமிழிலும் மலையாளத்திலும் ஐயத்துக்கு இடமின்றி அமைய வேண்டும். காவல் நிலைய அறிக்கை, வழக்கு உண்டு அல்லது இல்லை என்பதோடு நிற்காமல், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, என்ன முடிவு என்பதைச் சொல்ல வேண்டும். போராட்ட வழக்குக்கும் மோசடி வழக்குக்கும் வேறுபாடு காட்டும் வழிகாட்டுதல் நியமன அதிகாரியின் கையில் இருக்க வேண்டும். மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்க வேண்டும். எல்லை மாவட்டங்களைப் பொறுத்தவரை கேரளமும் தமிழகமும் தமக்குள் ஒரு நேரடித் தொடர்பு ஏற்பாட்டைச் செய்துகொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

மேற்கு வங்க ஊழியர் 25 ஆண்டுகள் உழைத்த பின்னர் தகுதியற்றவர் எனப்பட்டார். தகுதியற்றவராகவே இருந்திருந்தால், 25 ஆண்டுகள் அவரைப் பணியில் வைத்திருந்தது மக்களுக்குச் செய்த தவறு. தகுதியானவராக இருந்ததால், அது அவருக்குச் செய்த தவறு. தாமதம் இரு வழியிலும் அநீதியே என்பதுதான் ஆறு மாதக் கெடுவின் உட்பொருள். சக்குபள்ளம் போன்ற ஊர்களில் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை ஒருவர் ஊராட்சி எழுத்தராகப் பொறுப்பேற்கும் நாளில், அவரது பழைய வழக்கைப் பற்றிய கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டு, உரிய காலத்தில் பதில் பெறப்பட்டால், அவரும் நிம்மதியாகப் பணியாற்றுவார். அவரிடம் சான்றிதழுக்காக வரும் மக்களும் நம்பிக்கையோடு திரும்புவார்கள்.